உறுதியில் எழுதப்படாத வரலாறு: கன்பரா நகர வீடுகளும் கல்நாரும்

வீடொன்றை விலைக்கு வாங்க முற்படுபவர் முதலில் அதன் உறுதியையே ஆராய்கின்றார். காணியின் எல்லைகள் யாவை, அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறிற்று, ஈடு வைக்கப்பட்டுள்ளதா, அயலவர்க்கு வழியுரிமை உண்டா என்பனவற்றையெல்லாம் நொத்தாரிசு தேடிப் பார்த்துச் சொல்கின்றார். உரிமையைப் பொறுத்தவரையில் ஒரு வீட்டின் வரலாறு இவ்வாறு தலைமுறை தலைமுறையாக எழுத்திற் பேணப்பட்டு வந்துள்ளது. ஆயின், அவ்வீடு எப்பொருள்களாற் கட்டப்பட்டது, அதன் விதானத்துக்கு மேலே எது நிரப்பப்பட்டது, சுவரினுள்ளே எது தங்கியுள்ளது என்பன பற்றி உறுதி யாதும் கூறுவதில்லை. இக்குறைபாடு எத்துணைப் பாரதூரமான விளைவுகளைத் தரவல்லது என்பதற்கு, அவுஸ்திரேலியாவின் தலைநகரான கன்பராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நேர்ந்த கதி தக்க சான்றாகும். 1968இல் தொடங்கிய அவ்வரலாற்றை நோக்கி, அதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்நாரின் இயல்பும் பயன்பாடும்

பாறைகளிலிருந்து பெறப்படுவதாயினும் நாராகப் பிரியும் இயல்புடைய கனிப்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழிற் கல்நார் என்ற பெயர் வழங்குகின்றது. நம்மவர் பேச்சுவழக்கில் அது அஸ்பெஸ்ரஸ் எனப்படும். அணைக்கமுடியாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே இப்பெயரின் மூலமாகும். வணிகத்தில் முதன்மை பெற்ற வகைகள் மூன்று: வெண் கல்நார், நீலக் கல்நார், கபிலக் கல்நார். கபில வகைக்கு வழங்கும் அமொசைற்று என்ற பெயர், தென்னாபிரிக்காவில் அதனை அகழ்ந்த கம்பனியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு ஆக்கப்பட்டதாகும்.

தீயில் எரியாமை, வெப்பத்தைக் கடத்தாமை, அமிலங்களைத் தாங்குதல், நூலாக நூற்கவும் துணியாக நெய்யவும் இடந்தருதல் ஆகிய இயல்புகளால், கைத்தொழிற் புரட்சிக்குப் பிந்திய உலகு இப்பொருளைப் பெருவிருப்புடன் வரவேற்றது. கொதிகலன்களும் நீராவிக் குழாய்களும் இதனாற் போர்த்தப்பட்டன. 1901இல் ஒஸ்திரியரான லூட்விக் ஹற்செக், சீமெந்துடன் கல்நாரைக் கலந்து மெல்லிய தகடுகள் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் கல்நார், தொழிற்சாலையைக் கடந்து குடியிருப்புகளையும் வந்தடைந்தது. பாரமற்றதும், விலை குறைந்ததும், தீப்பற்றாததும், உக்காததுமான இத்தகடு, இரண்டாம் உலகப் போரின் பின் வீட்டுப் பஞ்சத்தால் இடருற்ற நாடுகளுக்குப் பெரிதும் உதவிற்று. அவுஸ்திரேலியாவில் உழைக்கும் மக்கள் தாமே கட்டிக்கொண்ட சிறு வீடுகள் பலவற்றுக்கு இதுவே சுவராயமைந்தது. இப்பொருள் ஏன் இத்துணை பரவிற்று என்பதை விளங்கிக்கொள்ளாது பழித்தல் வரலாற்று நோக்காகாது. அதன் நன்மைகள் உண்மையானவை. அந்நன்மைகளோடு கூடவே தீமை வீட்டினுள் வந்தது.

தீமை அறியப்பட்ட வரலாறு

கல்நார்த் தூசு மனிதரைக் கொல்லும் என்பது அண்மையில் அறியப்பட்டதொன்றன்று. இங்கிலாந்தின் றொச்டேல் நகர ஆலையொன்றில் வேலைசெய்த நெல்லி கேர்ஷோ என்னும் பெண் 1924இல் இறந்தபோது, அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த வைத்தியர் வில்லியம் குக், கல்நார்த் துகள்களே மரணத்துக்குக் காரணமென மருத்துவ ஏட்டில் எழுதினார். 1930இல் மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவரும் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கை, பரிசோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் நான்கிலொரு பங்கினருக்கு மேல் நுரையீரல் தழும்புற்றிருந்ததைக் காட்டிற்று. அதன் பயனாக 1931இல் ஆலைத் தூசைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஆக்கப்பட்டன. 1955இல் றிச்சர்ட் டோல், இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலில் ஈடுபட்ட ஆண்களுக்கு நுரையீரற் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு எனக் காட்டினார்.

இதுவரையில் கல்நார் ஓர் ஆலைப் பிரச்சினையாகவே கருதப்பட்டது. இக்கருத்தை மாற்றிய ஆய்வுகள் இரண்டு. 1960இல் வாக்னர் முதலியோர், தென்னாபிரிக்காவின் நீலக் கல்நார்ப் பிரதேசத்தில் நுரையீரலைச் சூழ்ந்த மென்சவ்விலே தோன்றும் மீசோதெலியோமா என்ற அரிய புற்றுநோயாற் பீடிக்கப்பட்ட 33 பேரைப் பற்றி எழுதினர். அவர்களுட் பலர் சுரங்கத்தில் வேலைசெய்தவரல்லர்; அவ்வயலில் வாழ்ந்தவர், அங்கே பிள்ளைப்பருவத்தைக் கழித்தவர். 1965இல் இலண்டனிலே நியூஹவுஸ், தொம்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆலையிலிருந்து கணவன் அணிந்துவந்த உடையைத் துவைத்த மனைவியரும், ஆலைக்கு அரை மைல் தூரத்துள் வசித்தோரும் அந்நோய்க்கு ஆளாகியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. வீட்டுக்குள் வரும் தூசும் கொல்லும் என்பது இவ்வாறு 1965ஆம் ஆண்டளவில் மருத்துவ உலகிற்குத் தெரிந்திருந்தது.

இந்நோய் தூசைச் சுவாசித்தவுடன் தோன்றுவதன்று. முப்பது நாற்பது ஆண்டுகள் உடலில் ஓசையின்றிக் கிடந்தபின்னரே அது வெளிப்படுதல் வழக்கம். காரணத்துக்கும் விளைவுக்குமிடையிலான இந்நீண்ட காலத்தில் வீடுகள் கைமாறுகின்றன, அதிகாரிகள் ஓய்வுபெறுகின்றனர், கோப்புகள் மறக்கப்படுகின்றன. ஏனைய நஞ்சுகளைக் காட்டிலும் கல்நாருக்கு எழுத்துப் பதிவு இன்றியமையாததாவது இக்காரணத்தினாலேயே.

கன்பராவில் நிகழ்ந்தது

கன்பரா தானாக வளர்ந்த நகரன்று. 1913இல் பெயரிடப்பட்டு, 1927இல் பாராளுமன்றத்தின் இருப்பிடமாகிய இந்நகர், திட்டமிட்டு அமைக்கப்பட்டதாகும். இங்கு காணி யாருக்கும் அறுதியாக விற்கப்படுவதில்லை. அரசே நிலவுடைமையாளர், குடிகள் நெடுங்காலக் குத்தகையாளர். 1960களின் தொடக்கத்தில் அறுபதாயிரத்தை எட்டாதிருந்த அதன் சனத்தொகை, 1970களின் நடுப்பகுதியில் இரண்டு இலட்சத்தைத் தாண்டிற்று. கடலிலிருந்து விலகிய மேட்டுநிலமாதலால் மாரியில் உறைபனி பொழியும். வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருத்தல் எல்லோருடைய கவலையுமாயிற்று.

இத்தேவையை நிறைவேற்ற 1968இல் சிறு வணிக நிறுவனமொன்று முன்வந்தது. தகடாகச் சீமெந்துடன் பிணைக்கப்பட்ட கல்நாரை அது பயன்படுத்தவில்லை. பெரும்பாலும் கபில வகையைச் சேர்ந்த கல்நாரைப் பஞ்சுபோலப் பிரித்து, குழாயொன்றின் வழியாக, விதானத்துக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியிலே ஊதி நிரப்பிற்று. எதனோடும் ஒட்டாத வெறும் நாராக அது அங்கே படிந்து கிடந்தது. பிற்காலத்தில் மக்கள் அந்நிறுவனத்துக்கு இட்டு வழங்கிய பெயர் ‘மிஸ்டர் ஃபிளஃபி’ என்பதாகும். பஞ்சின் மென்மையைக் குறிக்கும் அச்செல்லப்பெயர், பின்னர் அந்நகரில் அச்சத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று.

வரலாற்று மாணவர் இங்கு ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதே 1968ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலிய மத்திய அரசின் தொழிற்சுகாதார அதிகாரி ஒருவர் இவ்வேலையை நேரிற் பார்வையிட்டு, இது வேலையாட்களுக்கு வீணான தீங்கு விளைப்பதென்றும், பொதுமக்கள் இத்தூசுக்கு ஆட்படுதலும் விரும்பத்தக்கதன்றென்றும், இயலுமாயின் நிறுவனத்தைத் தடுக்கவேண்டுமென்றும் எழுத்தில் அறிக்கையிட்டார். ஆயினும் தடை எதுவும் விதிக்கப்படவில்லை. மேலும் பதினோராண்டுகள், 1979 வரை, வேலை தொடர்ந்தது. அறியாமையால் விளைந்த கேடு என இதனைக் கூறுதல் பொருந்தாது. அறிவு அரசின் கோப்பில் இருந்தது. வீட்டில் வாழ்ந்தவரிடம் அது சென்றடையவில்லை.

முதலாவது நீக்கமும் அதன் குறைபாடும்

1988இல் மத்திய அரசு இதற்குப் பரிகாரந் தேட முன்வந்தது. 1980க்கு முன் கட்டப்பட்ட ஏறத்தாழ 65,000 வீடுகள் பார்வையிடப்பட்டு, அவற்றுள் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவற்றில் இந்நார் இருப்பது கண்டறியப்பட்டது. வீட்டைச் சுற்றி மூடி, கூரைவெளியிலிருந்த நாரை உறிஞ்சியெடுத்து, எஞ்சிய துகள்கள் பறவாவண்ணம் பசை தெளித்தனர். 1993 வரை நீடித்த இவ்வேலைக்கு ஏறத்தாழ 10 கோடி அவுஸ்திரேலிய டொலர் செலவாயிற்று. வேலை முடிந்த வீடுகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது.

இம்முயற்சி அக்காலத்தில் மெச்சத்தக்கதே. எனினும் அதன் அடிப்படையிலே தவறான எண்ணமொன்றிருந்தது. கூரைவெளியைத் துப்புரவாக்கினால் வீடு துப்புரவாகும் எனக் கருதினர். மெல்லிய நாரோ விதான விளிம்பின் வெடிப்புகளூடாகச் சுவரின் உள்வெளிக்கும், அங்கிருந்து தரையின் கீழுள்ள வெளிக்கும் இறங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய நாரை எடுத்தனர். கண்ணுக்கெட்டாதது அங்கேயே கிடந்தது. அன்றியும், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குட்பட்ட குவீன்பியன் முதலிய அயலூர்களிலும் அந்நிறுவனம் வேலைசெய்திருந்தபோதிலும், நீக்கத் திட்டம் தலைநகரப் பிரதேசத்தின் எல்லையோடு நின்றுவிட்டது.

சான்றிதழ் இவ்விடத்தில் விந்தையான பங்கொன்றை வகித்தது. கொடுத்தவருக்கு அது ஒரு வேலை முடிவுற்றமைக்கான அத்தாட்சி. பெற்றவருக்கோ வீடு நோயற்றது என்ற உத்தரவாதம். 1989இல் தலைநகரப் பிரதேசம் சுயாட்சி பெற்றபோது நிர்வாகப் பொறுப்பும் கைமாறிற்று. பின்வந்த இருபது ஆண்டுகளில் பல வீடுகள் விற்கப்பட்டன. புதியவர்கள் சுவர்களை உடைத்து அறைகளைப் பெருப்பித்தனர், சமையலறைகளைப் புதுக்கினர், மின்கம்பி இழுப்போரும் குழாய் பொருத்துவோரும் கூரைவெளியிலும் தரையின் கீழும் தவழ்ந்து வேலைசெய்தனர். ஒவ்வொரு திருத்தமும் சுவரினுள் அடங்கிக் கிடந்த தூசைக் கிளப்பும் செயலாயிற்று.

வீடுகள் நகரிலிருந்து மறைந்தமை

1988ஆம் ஆண்டுத் திட்டத்திலே தவறவிடப்பட்ட வீடொன்று டவுனர் என்னும் புறநகரிற் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. 2013இல் அது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு ஆராயப்பட்டபோதே, நார் எவ்வெவ்விடங்களுக்குப் பரவும் என்பது ஐயந்திரிபறத் தெரிந்தது. அவ்வறிவு ஏனைய வீடுகளின் சான்றிதழ்களையும் ஐயத்துக்குள்ளாக்கிற்று. 2014இன் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் வீட்டுக்காரருக்கு அரசு கடிதம் அனுப்பிற்று. தொடர்ந்து செய்த பரிசோதனைகளில், சில வீடுகளின் வாழறைகளிலும் அலுமாரிகளிலுங்கூட நார் காணப்பட்டது. சில குடும்பங்கள் உடனடியாக வெளியேற நேர்ந்தது.

2014 ஒக்டோபரில் இறுதி முடிவு அறிவிக்கப்பட்டது. மத்திய அரசு வழங்கிய 100 கோடி டொலர் கடனைக் கொண்டு, பாதிக்கப்பட்ட வீடுகளையெல்லாம் பிரதேச அரசு வாங்கி, இடித்து, மண்ணைத் துப்புரவாக்கி, நிலத்தை மீண்டும் விற்பதென முடிவாயிற்று. கல்நார் இல்லாதிருந்தால் வீடு பெறக்கூடிய சந்தை விலையே கணிப்புக்கு அடிப்படையாயிற்று. நிலத்தை மீளப் பெறுவதில் முன்னைய சொந்தக்காரருக்கு முதலுரிமை அளிக்கப்பட்டது. ஆனால் அதனையும் சந்தை விலைக்கே வாங்கவேண்டியிருந்தது. விலைகள் ஏறிக்கொண்டிருந்த நகரில், பழைய அயலுக்குத் திரும்புதல் பலருக்குக் கைகூடாதாயிற்று.

பணத்தால் அளவிடமுடியாத இழப்பும் இதிலுண்டு. தூசு படிந்திருக்கக்கூடுமென்ற அச்சத்தால் துணிமணிகளையும் மெத்தைகளையும் விட்டுச்சென்றோர் உளர். பிள்ளைகளை அவ்வீட்டில் வளர்த்த பெற்றோருக்கு, அப்பிள்ளைகளின் நாற்பது ஐம்பது வயதுவரை நீளக்கூடிய கவலையொன்று எஞ்சியது. மருத்துவம் அவர்களுக்கு நோய் வருமென்றோ வராதென்றோ உறுதி கூற இயலாது. குற்றமெதுவும் செய்யாது, நேர்மையாக விலை கொடுத்து, முறையான உறுதியுடன் வீடு வாங்கியவர்கள் இவர்கள் என்பதை மறத்தலாகாது.

2015இல் பிரதேச அரசு, பாதிக்கப்பட்ட வீடுகளின் முகவரிகளைச் சட்டப்படி பகிரங்கப் பதிவேடாக வெளியிட்டது. அதே ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் அரசும் இத்தகைய வீடுகளை வாங்கி இடிக்கும் திட்டமொன்றை அறிவித்தது. எந்த வீட்டில் எது இருக்கின்றது என்பதை, வாங்க வருபவர் எவரும் பார்க்கக்கூடியவாறு எழுதிவைத்தல் என்ற எளிய காரியம், முதலாவது எச்சரிக்கை எழுதப்பட்டு 47 ஆண்டுகளின் பின்னரே கைகூடியது.

திருத்த வேலையும் நோயும்

கன்பராவில் நிகழ்ந்தது தனித்துவமான கேடு. பிணைப்பற்ற நாரால் விளைந்தது. சீமெந்துடன் இறுகப் பிணைந்த தகட்டை அதனோடு ஒருசேர வைத்தெண்ணுதல் தவறாகும். உடையாது, அரியாது, அசையாது இருக்கும் தகடு மிகச் சிறிதளவு தூசையே வெளிவிடும். ஆயின் அரியும்போதும், துளையிடும்போதும், உரஞ்சும்போதும், உயர்வேக நீரால் அடித்துக் கழுவும்போதும் அப்பிணைப்புக் குலைந்து நார் காற்றிற் கலக்கின்றது. எனவே பழைய வீட்டில் மிகுந்த ஆபத்து விளையும் நேரம், அதனைப் புதுக்கும் நேரமேயாகும்.

இதற்கு மேற்கு அவுஸ்திரேலியாவின் நோய்ப் பதிவேடு வலுவான சான்று தருகின்றது. 2011இல் வெளியான ஆய்வொன்றின்படி, 2005 முதல் 2008 வரை அம்மாநிலத்தில் மீசோதெலியோமா கண்ட ஆண்களுள் 8.4 வீதத்தினரும், பெண்களுள் 35.7 வீதத்தினரும் வீடு திருத்தும்போது கல்நாருக்கு ஆட்பட்டவராவர். சுரங்கத்தையோ ஆலையையோ கண்டறியாத பெண்கள் இவர்கள். கணவன் தகட்டை அரிய அருகே நின்று பிடித்தவரும், விழுந்த தூசைக் கூட்டியள்ளியவரும் இத்தகையோருள் அடங்குவர். 2003இன் இறுதியிலிருந்து அவுஸ்திரேலியாவில் எல்லாவகைக் கல்நாரும் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆனால் தடைச் சட்டம் ஏற்கெனவே கட்டிய வீடுகளிலிருந்து கல்நாரை அகற்றுவதில்லை.

ஆதலின் பழைய வீட்டை வாங்குபவர் அறியவேண்டுவன சில உள. கட்டப்பட்ட ஆண்டையும், பின்னர் செய்த திருத்தங்களின் ஆண்டுகளையும் கேட்டறிதல் முதலாவது. கண்ணால் மட்டும் பார்த்துக் கல்நார் உண்டா இல்லையா எனத் துணிய இயலாது. சிறு மாதிரியொன்றை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியாற் பரிசோதித்தே முடிவுகாண வேண்டும். நல்ல நிலையிலுள்ள தகட்டைக் குலைக்காது விடுதல் பெரும்பாலும் நன்று. அகற்றியே தீரவேண்டுமெனின், பயிற்சிபெற்றோர் அதனை நனைத்து, உடைக்காது முழுதாகக் கழற்றி, பொதிந்து அப்புறப்படுத்துதல் வேண்டும். தூசை உலரக் கூட்டுதல் எவ்வகையிலும் தகாது.

நம் நாட்டுக்கு இதன் பொருத்தம்

இலங்கையிற் கன்பராவைப் போன்று விதானவெளியில் நார் ஊதும் வழக்கம் வேரூன்றவில்லை. இங்கு பெருவழக்காயுள்ளது, வெண் கல்நாரைச் சீமெந்துடன் கலந்து செய்த கூரைத் தகடாகும். ஓட்டுக் கூரைக்கு வேண்டிய மரச் செலவைத் தாங்கமுடியாதோருக்கு அத்தகடு கைகொடுத்தமை மறுக்கமுடியாதது. 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்திப் படிப்படியாக நிறுத்துவதென அரசு முடிவு செய்திருந்தது. ஆயின், இலங்கைக்குக் கல்நாரை வழங்கிவந்த ருஷ்யா, 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியொன்றிற் பூச்சி காணப்பட்டதெனக் கூறி நமது தேயிலையை வாங்குவதை நிறுத்திற்று. அதனையடுத்து இலங்கை கல்நார்த் தடையைத் தளர்த்தியது. தேயிலை மீதான தடையும் நீங்கிற்று. தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் வீட்டுக் கூரையும் ஒரே பேரத்தில் இணைக்கப்பட்ட இந்நிகழ்ச்சி, பொருளாதார வரலாறு பயில்வோர் தனியே ஆராயத்தக்கது.

கூரைத் தகட்டின் பாசியை உரஞ்சிக் கழுவுதலும், பழைய தகட்டை முற்றத்தில் வைத்து அரிதலும் நம்மிடையே காணப்படும் செயல்களாகும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் இடிபாடுகளோடு இடிபாடாக உடைந்த தகடுகள் குவிந்து கிடந்ததையும் நினைவுகூரலாம். இவை பற்றி நமது உறுதிகளிலே பதிவில்லை. விற்பவர் சொல்லவேண்டிய கட்டாயத்தை உணர்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

கன்பராவின் வரலாற்றிலே மருத்துவ அறிவுக்குக் குறைவிருக்கவில்லை, பணத்துக்கும் பெருங்குறைவிருக்கவில்லை. நிலம் முழுவதும் அரசின் உடைமையாக இருந்த நகரில் பதிவு செய்யும் வசதிக்கும் குறைவிருக்கவில்லை. இருந்த அறிவை வீட்டோடு பிணைத்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கும் வழக்கமே அங்கு இல்லாதிருந்தது. பொறியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் இணைந்து தொடங்கக்கூடிய பணி இதுவெனலாம். ஒரு கிராமத்தையோ, ஒரு பாடசாலையையோ, இப்பல்கலைக்கழகத்தின் விடுதிகளையோ எடுத்துக்கொண்டு, கட்டடம் ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் எப்பொருளாற் கட்டப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது என எழுதி வைத்தால், நாற்பது ஆண்டுகளின் பின் அச்சுவரை உடைக்கவரும் தொழிலாளிக்கு அவ்வேடு உயிர்க்காப்பாகும்.